அத்தாயிக்கு வாசித்துக் காட்டாத கடிதம்

உ

சேலம்,
9-7-1936

அக்கா அத்தாயிக்குத் தம்பி சடையன் எழுதிக்கொண்டது. நான் இங்கே சுகம். நீயும் பூவும் ஆடுகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் மனசு நிறையும்.

கிணற்று வேலை கிடைத்துவிட்டது. பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிவாசல். அதன் பின்புறம் புதுக்கிணறு. நாங்கள் எட்டுப் பேர். பாறையில் துளை போட்டு, மருந்து கெட்டித்து, வேட்டு வைப்பது என் பொறுப்பு. நாற்பதடி போயாயிற்று. எல்லாம் கருங்கல், ஈரம் என்ற பேச்சே இல்லை. நம் தெருத் தீர்த்தகிரியும் கூட இருக்கிறான். "இந்தக் கல்லுக்குள்ள தண்ணி இருந்தா எம் மீசையச் செரச்சுக்கறேன்" என்று தினமும் சபதம் போடுகிறான்.

வேலையைப் பார்த்துக்கொள்கிறவர் மீரான் ராவுத்தர், தோல் வியாபாரி. முதல் நாள் வந்து, "உங்க பேரு என்னங்க?" என்று கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

தை மாதக் கல்யாணத்தை மறக்கவில்லை. அக்கா மகளைக் கட்டிக்கொள்கிறேன் என்று அம்மாவின் கடைசி நாளில் கொடுத்த வார்த்தை அது. இதை உனக்கு வாசிக்கப்போவது பூவுதான் என்று நினைத்தால் எழுதவே கூச்சமாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
சடையன்


உ

நாமகிரிப்பேட்டை,
21-7-1936

தம்பி சடையனுக்கு அக்கா அத்தாயி சொல்ல, மகள் பூவாத்தாள் எழுதுவது. நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு மாரியாயியைக் கும்பிட்டுக்கொள்கிறோம்.

பண்ணையக்காரர் தோட்டத்தில் மஞ்சளுக்குக் களை வெட்டப் போகிறோம். போன வாரக் காற்றில் கூரையின் ஒரு பக்கம் பறந்துவிட்டது. கீழ்வரிசை வீட்டு அங்கமுத்து வந்து வேய்ந்து கொடுத்தான். கூலி வேண்டாம் என்றுவிட்டான், நல்ல பையன். பூவின் அப்பன், உன் மாமன், செத்து வருஷம் ஒன்றாகப் போகிறது. அது முடிந்ததும் கல்யாண வேலையைத் தொடங்க வேண்டும். மருந்து வைத்துவிட்டுச் சீக்கிரம் மேலே ஏறிவிடு. கயிற்றை நீயே ஒரு தரம் இழுத்துப் பார்த்துக்கொள், மற்றவன் சொன்னான் என்று இறங்காதே.

இப்படிக்கு அக்கா, அத்தாயி.

இதை எழுதுகிறவளும் சுகம்.


உ

சேலம்,
14-8-1936

அக்கா! சுகம், சுகம், ரொம்பச் சுகம்! நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும்.

தண்ணீர் வந்துவிட்டது!

திங்கட்கிழமை காலை ஐம்பத்திரண்டு அடியில் மூன்று வேட்டு வைத்தேன். புகை அடங்கியதும் கயிற்றில் இறங்கினேன். கல் இடுக்கில் சீறுகிற மாதிரி ஒரு சத்தம். பாம்போ என்று பயந்து காலைத் தூக்கினேன். விரல் மொத்தத்துக்குத் தண்ணீர் பீச்சி அடிக்கிறது அக்கா! கடப்பாறையால் ஒரு பாளத்தை நெம்பினேன். அவ்வளவுதான், குபுகுபுவென்று கிளம்பி முழங்கால் வரை ஏறிவிட்டது. "தண்ணியோய்!" என்று நான் கத்தியது சேலம் முழுக்கக் கேட்டிருக்கும்.

மேலே வந்ததும் நாங்கள் எட்டுப் பேரும் என்ன செய்தோம் தெரியுமா? சுவரோரம் தள்ளிப் போய் நின்றுகொண்டோம். யாரும் சொல்லவில்லை, கால்கள் தானாகப் போயின. பண்ணையக்காரர் தோட்டத்துக் கிணறு ஞாபகம் இருக்கிறதா? தண்ணீரைக் கண்டதும், "ஏறுங்கடா மேல" என்றார்கள். மஞ்சள் நீர் தெளித்துத் தீட்டுக் கழித்தார்கள். முந்தின நாள்வரை இடுப்பளவு நின்று வெட்டியவர்கள் மறுநாள் அதன் மேட்டில் கால் வைக்கக்கூடாது. சேரிக்காரனுக்குக் கிணற்றுப் பழக்கம் அவ்வளவுதான்.

ராவுத்தர் தம் கையாலேயே ஒரு வாளி இறைத்தார். செம்பில் மொண்டுகொண்டு எங்களிடம் வந்தார். "மொதல்ல நீங்க குடிங்க. தண்ணியக் கண்டவங்க நீங்கதானே!"

நான் இரண்டு கையையும் குவித்து நீட்டினேன். அவர் ஊற்றவில்லை. "கைய எதுக்கு நீட்டறீங்க? செம்பப் புடிங்க."

பிடித்தேன். வாய் வைத்துக் குடித்தேன். மீதியை அவர் வாங்கிக் குடித்தார், அக்கா. கழுவாமல், துடைக்காமல், அதே செம்பில். அடுத்துக் குடித்த தீர்த்தகிரி மீசை நனைந்து சொட்டச் சொட்ட என்னைப் பார்த்து நின்றான். சிரைத்துக்கொள்ளச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

இன்னும் சுற்றுச்சுவர் வேலை இருக்கிறது. வர நாளாகும்.

சந்தோஷத்தோடு,
சடையன்


உ

நாமகிரிப்பேட்டை,
2-9-1936

தம்பிக்கு அத்தாயி சொல்லிப் பூவாத்தாள் எழுதுவது. இங்கே நலம். உன் நலத்தை எழுதிக்கொண்டே இரு.

மாமா, உங்கள் கடிதத்தை அம்மா மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள். செம்பு வருகிற இடத்தில் மூன்று தரமும் கையைக் காட்டி நிறுத்தி, "மறுக்கா படி" என்றாள். தெருவில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் பண்ணையக்காரர் காதுக்குப் போகும் என்கிறாள்.

குடித்தது சந்தோஷம், வேலை முடிந்ததும் வந்துவிடு என்று சொல்கிறாள். தை இருபத்து மூன்று என்று நாள் குறித்தாயிற்று.

அக்கா, அத்தாயி.


786

சேலம்,
6-10-1936

அக்காவுக்கும் பூவுக்கும் கடவுளுடைய சாந்தி உண்டாகட்டும். நான் சுகம். உங்கள் இருவர் சுகத்தையும் ஐந்து வேளையும் கேட்டுக்கொள்கிறேன்.

ஐந்து வேளை என்றதுமே உனக்குப் புரிந்திருக்கும். போன வெள்ளிக்கிழமை நான் கலிமா சொல்லி இஸ்லாத்தில் சேர்ந்துவிட்டேன். இப்போது என் பெயர் அப்துல் கரீம். உன்னைக் கேட்காமல் செய்தது தப்புத்தான். கேட்டிருந்தால் நீ அழுதிருப்பாய், நான் நின்றிருப்பேன்.

எல்லோரும் ஏன் ஏன் என்று கேட்கிறார்கள். தீர்த்தகிரி, "சோத்துக்கா, பொண்ணுக்கா? நெசத்தச் சொல்லு" என்றான். சோறு உழைத்தால் எங்கும் கிடைக்கிறது. பெண் யாரும் இல்லை. அந்தச் செம்புத் தண்ணீருக்கா என்றால், அதுவும் முழுப் பதில் இல்லை.

சுவர் கட்டும்போது ஒரு வெள்ளிக்கிழமை கிணற்று மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தொழுகைக்கு எல்லோரும் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்றார்கள். மீரான் ராவுத்தர் அன்றைக்கு நேரம் கழித்து ஓடி வந்தார். யாரும் விலகி இடம் விடவில்லை. கடைசி வரிசையில் போய் நின்றார். அவருக்கு நேர் முன்னால் நின்றவன் ஜட்கா வண்டி ஓட்டுகிறவன். தரையில் நெற்றி வைத்தபோது, வண்டிக்காரனுடைய வெடித்த குதிகால் பக்கத்தில் ராவுத்தருடைய நெற்றி இருந்தது. முடிந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. எனக்குக் கையில் கரண்டி ஓடவில்லை.

நான் போய்க் கேட்டபோது ராவுத்தர் உடனே சரி என்று சொல்லவில்லை. "அவசரப்படாதீங்க. தண்ணி குடுத்ததுக்காகன்னா வேண்டாம், தண்ணி யாருக்கும் குடுப்போம்" என்றார். ஒரு மாதம் யோசித்தேன். அந்த வரிசையில் எனக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு தோள் வேண்டும், என் நெற்றிக்கு மேலே கடவுள் ஒருவரைத் தவிர ஆள் வேண்டாம். அவ்வளவுதான் அக்கா, எனக்குச் சொல்லத் தெரிந்தது.

கோபத்தையாவது எழுது.

உன் தம்பி,
அப்துல் கரீமாகிய சடையன்


உ

நாமகிரிப்பேட்டை,
19-10-1936

மாமாவுக்குப் பூவாத்தாள் தானாகவே எழுதுவது. அம்மா சுகம். நானும் சுகம்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. பிரித்து முதலில் கண்ணை ஓட்டிக்கொண்டே போனேன், "போன வெள்ளிக்கிழமை" என்ற இடம் வந்தது. அம்மா, "என்ன புள்ள, ஊமையாயிட்ட?" என்றாள். "மாமாவுக்கு நாலு நாளாக் காய்ச்சலாம், இப்பத் தேவலையாம், செவுரு கட்டறாங்களாம்" என்று வாய்க்கு வந்ததை வாசித்தேன். அம்மா உங்கள் காய்ச்சலுக்காக மாரியாயிக்கு நேர்ந்துகொண்டு செவ்வாய்க்கிழமை பட்டினி கிடந்தாள். பாவம் என்னைச் சேரும்.

கடிதத்தின் தலையில் சுழிக்குப் பதிலாக ஏதோ எண் போட்டிருக்கிறீர்களே, அது என்ன?

இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் புது மார்க்கத்தில் கல்யாணம் எப்படிச் செய்வார்கள்? தை இருபத்து மூன்று அப்படியேதானா? அம்மா கூறைச் சேலை எடுத்து வைத்துவிட்டாள். தெளிவாக எழுதுங்கள் மாமா. என் பெயருக்கே எழுதுங்கள்.

உடம்பு பத்திரம், நிஜக் காய்ச்சல் வந்துவிடப் போகிறது.

பூவாத்தாள்


786

சேலம்,
11-11-1936

பூவுக்கு மாமா எழுதுவது. நீயும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். நான் நன்றாக இல்லை.

அந்த எண் கடவுள் பெயரைச் சொல்லித் தொடங்குவதற்கு அடையாளம். அது சுலபமான கேள்வி.

மற்றதற்கு மூன்று வாரமாகப் பேனாவைத் தொடாமல் இருந்தேன். உன் கடிதம் வந்த அன்றே ராவுத்தரைக் கேட்டேன். "அக்கா மகளா? அது முடியாதுங்களே" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். மார்க்கம் படித்த பள்ளிவாசல் ஆலிமிடம் போனேன். அவரும் அதையே சொன்னார். மறுநாள் மறுபடி போனேன். அவர் வேதத்தைத் திறந்து விரல் வைத்துக் காட்டினார். அக்கா மகள், பெற்ற மகளுக்குச் சமம். கல்யாணம் கூடவே கூடாது.

கலிமா சொல்லும் முன்னால் இது எனக்குத் தெரியாது பூவு. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதே. அம்மாவுக்குக் கொடுத்த வார்த்தை போயிற்று. பத்து வயதிலிருந்து உன்னை எனக்கென்று சொல்லி வளர்த்துவிட்டு, கல்யாணம் நெருங்கும்போது கைவிட்டுவிட்டேன். உன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனா? நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

மாமா


உ உ உ

நாமகிரிப்பேட்டை,
17-11-1936

என் தங்கமான மாமாவுக்கு! இங்கே எல்லோரும் சுகம். கழுத்தறுத்த ஆட்டுக்குட்டி மாதிரி எழுதியிருக்கிறீர்களே, எழுந்து உட்காருங்கள்!

உங்கள் கடிதத்தை ஆட்டுப் பட்டிக்குப் பின்னால் போய் வாசித்தேன். "கூடவே கூடாது" என்ற இடத்தில் கத்திவிட்டேன். ஆடுகள் மிரண்டு ஓடின. அவற்றைத் துரத்திக்கொண்டு ஓடினேன், ஓடினேன், சிரிப்பு நிற்கவே இல்லை.

மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். என்னைத் தோளில் தூக்கிச் சந்தைக்குக் கொண்டுபோனவர் நீங்கள். தோளில் தூக்கினவரைப் பக்கத்தில் உட்கார்ந்து தாலி கட்டச் சொல்ல எனக்கு எப்படி இருக்கும்? ஆனால் ஆயா சாகும்போது கேட்ட வார்த்தை, அம்மாவின் ஆசை. நான் வேண்டாம் என்றால் அடுத்த நிமிஷம் யாரென்று கேட்பார்கள்.

ஒருவன் இருக்கிறான். கூரை வேய்ந்தவன். மஞ்சள் வேக வைக்கிற காலத்தில் அவன் கை இரண்டும் முழங்கை வரை மஞ்சளாக இருக்கும். போன மாசியில் என்னிடம் தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். குடித்துவிட்டு, "இன்னமும் கொஞ்சம்" என்றான். நாலு செம்பு குடித்தான் மாமா, பேசத் தைரியம் வராமல்!

இப்போது அம்மாவிடம் யார் சொல்வது? நீங்கள் எழுதினால் வாசிக்கப்போவது நான். நான் வாசித்தால் முதல் அடி எனக்கு. ஒரு வழி சொல்லுங்கள், சீக்கிரம்!

உங்கள் மகளுக்குச் சமமான,
பூவாத்தாள்


உ

நாமகிரிப்பேட்டை,
28-11-1936

சடையனுக்கு அத்தாயி சொல்லத் தபால்காரன் கைலாசம் எழுதுவது. உபயகுசலம். அத்தாயி சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். அப்படிச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

தம்பி, எனக்கு எழுத்துத் தெரியாது, சுழி தெரியும். நீ எழுதின எல்லாக் கடிதத்திலும் தலையில் சுழி இருக்கும். புரட்டாசியில் வந்ததில் இல்லை. பூவு அதை வாசிக்கும்போது அவள் கண் ஒரு பக்கம் போகிறது, வாய் ஒரு பக்கம் போகிறது. மறுநாள் இடுப்பில் செருகிக்கொண்டு போய் ஏரிக்கரையில் கைலாசத்தை மறித்து வாசிக்கச் சொன்னேன். பிறகுதான் உன் காய்ச்சலுக்காகப் பட்டினி கிடந்தேன். பூவு மனசு கேட்காமல் உண்மையைச் சொல்லுவாளா என்று பார்த்தேன். கல்நெஞ்சுக்காரி, எதிரே உட்கார்ந்து களி தின்றாள்.

இரண்டாவது கடிதத்தை ராகிப் பானையில் ஒளித்து வைத்தாள். ராகி அள்ளுகிறவள் நான்தானே! அதையும் கைலாசம் வாசித்தார்.

மூன்று நாள் உன்னைத் திட்டினேன். அம்மாவுக்குக் கொடுத்த வார்த்தையை விட்டாயே என்று திட்டினேன். நாலாம் நாள் பூவு தூக்கத்தில் சிரித்தாள். பகலில் கீழ்வரிசையைப் பார்த்துச் சிரித்தாள். ஓகோ என்று விட்டுவிட்டேன். அங்கமுத்துவின் அம்மாவிடம் பேசியாயிற்று. அதே தை இருபத்து மூன்று. நீ தாய்மாமன். வந்து சீர் செய்ய வேண்டும். உன் தொப்பியைப் பார்த்துத் தெருவில் நாலு பேர் முறைப்பார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். போன வருஷம் ஐப்பசி அடை மழையில் உன் மாமனைத் தூக்கிப் போனோமே. வயல் வழியே விடமாட்டோம் என்றார்கள். ஓடையில் கழுத்தளவு தண்ணீரில் நீங்கள் நாலு பேரும் பாடையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு போனீர்கள். நான் கரையில் நின்று பார்த்தேன். அங்கே செத்தவர்களை எந்த வழியாகக் கொண்டுபோகிறார்கள்?

அத்தாயி.

(எழுதினவன் சொல்வது: உன் மாமன் செத்த அந்த வாரம் நான் விடுப்பில் இருந்தேன். இதை இப்போதுதான் கேட்கிறேன். கைலாசம்.)


786

சேலம்,
8-12-1936

அக்காவுக்குச் சாந்தி உண்டாகட்டும். கைலாசம் ஐயாவுக்கும் கும்பிடு. நோன்பு மாதம். பகலெல்லாம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறேன். மாலையில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறோம். நீ பட்டினி கிடந்ததை நினைத்துச் சிரித்தேன், பிறகு அழுதேன்.

நீ கேட்டதற்குப் பதில். போன வாரம் இங்கே ஒரு கிழவர் இறந்தார். சொந்தம் யாரும் இல்லை. கடைவீதி நடுவாகவே கொண்டுபோனோம். கடைக்காரர்கள் இறங்கி வந்து ஆளுக்குப் பத்தடி தோள் கொடுத்தார்கள். முன்பின் பார்க்காதவனுக்கு. நானும் கொடுத்தேன். என் தோளை யாரும் வேண்டாம் என்று தள்ளவில்லை.

எல்லாமே தேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஒரு வீட்டில் எனக்குப் பெண் கேட்டபோது, "புதுசா வந்தவங்களாச்சே" என்று இழுத்தார்கள். ராவுத்தர் அவர்கள் வாசலிலேயே சத்தம் போட்டுவிட்டு வந்தார். மனிதர்கள் எங்கும் மனிதர்கள்தான். ஆனால் இங்கே சத்தம் போட எனக்காக ஒருவர் இருக்கிறார், கையில் காட்ட ஒரு வேதம் இருக்கிறது.

கட்டாயம் வருகிறேன். கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியான பஸ்.

உன் தம்பி


உ

நாமகிரிப்பேட்டை,
20-2-1937

தம்பிக்கு அத்தாயி சொல்ல, அங்கமுத்து பெண்டாட்டி பூவாத்தாள் எழுதுவது. புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் சுகம். அவன் கை மஞ்சளாகிவிட்டது, இவள் முகமும் சேர்ந்து மஞ்சளாக இருக்கிறது. நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாய் என்ற தபால் அட்டை கிடைத்தது.

கல்யாணத்தைப் பற்றித் தெருவே பேசுகிறது. ஆனால் எனக்கு அதற்கு முந்தின நாள்தான் கண்ணிலேயே நிற்கிறது.

பஸ்ஸிலிருந்து நீ இறங்கினபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. தாடி, தொப்பி, காலில் செருப்பு, கையில் குடை. உன் சீர்ப் பெட்டியை நான்தான் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். நீ முன்னால் போனாய். நான் பழக்கத்தில் பத்தடி பின்னால் வந்தேன். மஞ்சள் மண்டி முன்னால் பண்ணையக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எந்தத் தெருவில் நாம் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போவோமோ அந்தத் தெருவில், உன்னைப் பார்த்து, "வாங்க பாய், மஞ்சள் பாக்க வந்தீங்களா? உக்காருங்க" என்று நகர்ந்து இடம் விட்டார். நீ உட்கார்ந்தாய். என் தலையில் பெட்டி ஆடிவிட்டது.

அவர் சரக்கைப் பற்றியும் விலையைப் பற்றியும் பேசினார். நீ கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு என்னைக் காட்டினாய். "இவங்க எங்க அக்காங்க. இவங்களும் உக்காரட்டுமுங்களா?"

அவர் என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "டேய், நீ சடையனல்ல?"

"ஆமாங்க. இப்ப அப்துல் கரீமுங்க. அக்கா உக்காரட்டுமுங்களா?"

மண்டிக்குள் இருந்தவர்களும் வெளியே வந்து நின்றார்கள். நீ நாலு எண்ணுகிற நேரம் காத்திருந்தாய். பிறகு எழுந்தாய். "அவங்க நிக்கறப்ப நான் உக்காரக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு வந்து என் தலையிலிருந்த பெட்டியை வாங்கி உன் தோளில் வைத்துக்கொண்டாய். என்னைப் பின்னால் விடாமல் பக்கத்தில் நடத்திக்கொண்டு போனாய்.

மறுநாளிலிருந்து எனக்குத் தோட்டத்தில் வேலை இல்லை என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். இருக்கட்டும். அதற்காக இதை எழுதவில்லை.

பங்குனி முதல் வாரம் சேலம் வருகிறேன். சேரவா, சும்மா பார்க்கவா என்று கேட்காதே, எனக்கே தெரியாது. மாரியாயியை விட்டுவிட்டு வருவேனா என்பதும் தெரியாது. அந்தப் பெஞ்சில் உட்காருகிற ஆசையில் வரவில்லை. அவர் பெஞ்சை அவரே வைத்துக்கொள்ளட்டும். கிடைத்த இடத்தை விட்டு நீ எழுந்து நின்றாயே, அது அவர்கள் உனக்குச் சொல்லிக் கொடுத்ததா, நம் அம்மா கொடுத்த புத்தியா? அங்கே வந்து, அந்த மனிதர்களைப் பார்த்து, அதை நானே தெரிந்துகொள்ள வேண்டும்.

மத்தியான பஸ்ஸில் வருவேன். தைரியமாகப் பெஞ்சிலேயே உட்கார்ந்து வருவேன். நீ வந்து நில்.

அக்கா, அத்தாயி.